போர்ட்டோவில் ஒரு நாள்: சரிவைப் பார்த்து நடை, நேரம் பார்த்துச் சாப்பாடு

போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோவுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஆற்றங்கரைக்குத்தான் இறங்குகிறார்கள். படங்களில் பார்த்த வண்ண வீடுகளும் இரும்புப் பாலமும் அங்கே இருப்பதால் அந்த ஆசை இயல்பானது. ஆனால் டூரோ ஆற்றின் வடகரையில் இந்த ஊர் ஒரு கருங்கல் குன்றின் மேல் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது. காலையிலேயே கீழே இறங்கிவிட்டால், பார்க்க வேண்டிய மற்ற எல்லாமே தலைக்கு மேலே இருக்கும். உச்சி வெயிலில் படி ஏற வேண்டிவரும். வரைபடத்தில் 300 மீட்டர் என்று காட்டும் தூரம் நேரில் பார்த்தால் செங்குத்தான படிக்கட்டாக இருக்கும். அதனால் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், இடங்களின் புகழை வைத்து வரிசை போடாமல் சரிவை வைத்து வரிசை போடுங்கள். மேட்டில் தொடங்கி, ஆற்றைக் கடந்து, எதிர்க்கரை உச்சியில் சூரியன் மறையும்போது முடியுங்கள். கீழே சொல்லியிருக்கும் வழி அந்தக் கணக்கில் அமைந்தது. பெரிய ஏற்றம் நடுவில் ஒன்று மட்டுமே வரும்.

கிளம்புவதற்கு முன்

காலணி முதலில். தெருக்களில் பதித்திருக்கும் சிறு சதுரக் கற்கள் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன. மழை பெய்தால் வழுக்கும். அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள காலணி இல்லாமல் இந்த ஊரில் நடக்க வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மழை அடிக்கடி பிடித்துக்கொள்ளும்; குடையைவிடத் தலைமூடி வைத்த மழைச்சட்டை உதவும்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு மெட்ரோ இருக்கிறது. ஊதா நிறக் கோடு, எழுத்து இ (E). அரை மணி நேரத்தில் நகர மையத்துக்கு வந்துவிடலாம். டிக்கெட் என்பது இங்கே அன்டான்டே என்ற அட்டை. இயந்திரத்தில் வாங்கும்போது மண்டலம் கேட்கும். விமான நிலையத்திலிருந்து வருவதற்கு நான்காம் மண்டலச் சீட்டு, அதாவது இசட் 4 வேண்டும். நகரத்துக்குள் சுற்ற இசட் 2 போதும். மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒருவருக்கு ஓர் அட்டை. குடும்பத்துக்கு ஒன்று என்று வாங்க முடியாது. ஓர் அட்டையில் ஒரே சமயத்தில் இரண்டு வகை மண்டலச் சீட்டுகளை ஏற்ற முடியாது. நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையாது என்பதால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகே இருக்கும் சிறு கருவியில் அட்டையை நீங்களாகவே வைத்து எடுக்க வேண்டும். வண்டி மாறும்போதும் அப்படித்தான். மறந்துவிட்டால், பணம் கட்டிய பயணியாக இருந்தாலும் அபராதம் விழும்.

தலைநகர் லிஸ்பனிலிருந்து ரயிலில் வந்தால் சுமார் மூன்று மணி நேரம். நெடுந்தூர ரயில்கள் கம்பான்யா நிலையத்தோடு நின்றுவிடும். அது நகரத்தின் கிழக்கு ஓரம். அங்கிருந்து சாவ் பென்டோ நிலையத்துக்குச் சில நிமிடங்களில் உள்ளூர் ரயில் கொண்டுவந்து விடும். இந்த நாளின் நடுவில் நாம் பார்க்கப் போகும் நிலையம் அதுதான்.

கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். சிறு கடைகளில் வெளிநாட்டு அட்டை சில நேரம் வேலை செய்யாது. பணம் எடுக்க, மல்டிபான்கோ என்று எழுதிய இயந்திரங்களைத் தேடுங்கள். உள்ளூர் வங்கிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது அது. யூரோவுக்குப் பதில் உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். மாற்று விகிதத்தில் நட்டம் வரும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டிலைக் கையோடு எடுத்து வந்தால் போதும்.

காலை எட்டரை: பொல்யாவ்

மெட்ரோவில் பொல்யாவ் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்ததுமே ஆல்மாஸ் சிற்றாலயம் கண்ணில் படும். வெளிச்சுவர் முழுவதும் நீலமும் வெள்ளையுமான ஓடுகள். அசுலேஜோ என்ற இந்த வண்ண மெருகு ஓடுகள்தான் போர்ச்சுகலின் சுவர்ச் சித்திரம். இங்கே புனித பிரான்சிசு, புனித கத்தரீனா ஆகியோரின் வாழ்க்கைக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. ஆலயம் பழையது என்றாலும் இந்த ஓடுகள் 1929-இல் வந்தவை. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். அருகில் நின்றால் கோடுகள்தான் தெரியும், தள்ளி நின்றால்தான் கதை தெரியும். பத்து நிமிடம் போதும்.

பிறகு காலை உணவு. ஓட்டல் அறையிலேயே சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். பஸ்தெலாரியா அல்லது கொன்ஃபெய்தாரியா என்று பலகை வைத்திருக்கும் ஏதாவது ஒரு பலகாரக் கடையில் நுழையுங்கள். உள்ளூர்க்காரர்கள் அலுவலகம் போகும் வழியில் நின்றபடியே காபி குடித்துவிட்டு நகரும் கடையாக இருந்தால் நல்லது. தடிமனாக வெட்டி, இரு பக்கமும் வெண்ணெய் ஊறச் சுட்ட ரொட்டிக்கு தொர்ராடா என்று பெயர். அதோடு மெயா டி லெய்ட் என்று கேட்டால் கோப்பையில் பாதிக்குப் பாதி பால் சேர்த்த காபி வரும். பால் காபியே குடித்துப் பழகியவர்களுக்கு அதுதான் ஒத்துவரும். வெறும் காஃபே என்றால் இரண்டு மிடறுக் கறுப்புக் காபி, விலை ஒரு யூரோவை ஒட்டி இருக்கும். போர்ட்டோவின் மூத்தவர்கள் அதையே சிம்பலினோ என்று கேட்பதைக் கேட்கலாம். மஞ்சள் நிறக் கூழ் நிரப்பிய பஸ்டெல் டி நாட்டா எங்கும் கிடைக்கும். அது லிஸ்பனின் பலகாரம் என்றாலும் இங்கும் நன்றாகவே செய்கிறார்கள்; மேலே இலவங்கப்பட்டைத் தூள் தூவி, சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள்.

சாப்பிட்ட பின் பொல்யாவ் சந்தை. 1914-இல் கட்டத் தொடங்கிய கட்டடம். நான்கு ஆண்டுகளுக்கு மேல் மூடிப் பழுதுபார்த்து 2022 செப்டம்பரில் திறந்தார்கள். ஞாயிறு விடுமுறை. இங்கே எதையும் வாங்காமல்கூடச் சுற்றலாம், ஆனால் சுற்றுவதில் ஒரு பயன் இருக்கிறது: மதியம் தட்டில் வரப்போகும் பொருள்களை இங்கே முழுசாகப் பார்த்துக்கொள்ளலாம். பலகைபோல் விறைத்து, உப்புப் பூத்துத் தொங்கும் கோட் மீன்தான் பகல்யாவ். நம் கருவாட்டின் பெரிய உருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையில் உலர்த்திய பன்றி இறைச்சித் தொத்திறைச்சிகள், ஆலிவ் வகைகள், மக்காச்சோள மாவில் சுட்ட கனமான ப்ரோவா ரொட்டி, வரிசையாக அடுக்கிய மத்தி மீன் டப்பாக்கள் எல்லாம் இருக்கும். ஊருக்கு எடுத்துப்போக நல்ல பொருள் அந்த மீன் டப்பாதான். பக்கத்து ஊரான மத்தோசின்யோசில் 1920-இல் தொடங்கிய பின்யாய்ஸ் தொழிற்சாலையில் இன்றும் கையால் அடுக்கித் தாளில் சுற்றுகிறார்கள். நூரி என்ற பெயரில் விற்கும் காரச் சுவையுள்ள மத்தியைத் தேடிப் பாருங்கள்.

பத்து மணி முதல் பன்னிரண்டு வரை: கார்மோ, கோபுரம், ரயில் நிலையம்

சந்தையிலிருந்து ஃபொர்மோசா தெரு வழியாக மேற்கே நடந்தால் அலியாதோஸ் பெருவீதி. மேலே நகர மாளிகை, இருபுறமும் வங்கிக் கட்டடங்கள். அதைக் குறுக்கே கடந்து எதிர் மேட்டில் கார்மோ தேவாலயத்துக்குப் போங்கள். ஒட்டிக்கொண்டிருப்பவைபோல் தெரியும் இரண்டு தேவாலயங்கள் அவை; நடுவில் ஓர் ஆள் கைகளை விரித்தால் அடங்கிவிடும் அகலத்தில் ஒரு வீடு இருக்கிறது. உற்றுப் பார்க்காவிட்டால் தவறவிடுவீர்கள். வலது பக்கத் தேவாலயத்தின் பக்கச் சுவரில் 1912-இல் பதித்த பெரிய ஓட்டுச் சித்திரம் உண்டு. காலை வெயிலில் அது நன்றாக இருக்கும்.

பக்கத்திலேயே லெல்லோ புத்தகக் கடை. 1906-இல் திறந்தது, சிவந்த படிக்கட்டும் வண்ணக் கண்ணாடிக் கூரையும் அழகானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே போகக் கட்டணச் சீட்டு வேண்டும், நேரம் குறித்து இணையத்தில் வாங்க வேண்டும், அதற்குப் பிறகும் வரிசையில் நிற்க வேண்டும். சீட்டுப் பணத்தைப் புத்தக விலையில் கழித்துக்கொள்வார்கள். ஒரே நாள் வந்தவர்கள் இதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால் காலையின் முதல் நேரத்துக்குச் சீட்டு எடுத்து, பொல்யாவுக்கு முன் இங்கே வந்துவிடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு புத்தகம் புரட்டும் நிம்மதி அங்கே கிடைப்பதில்லை.

அந்த நேரத்தையும் பணத்தையும் கிளெரிகோஸ் கோபுரத்துக்குக் கொடுங்கள். இத்தாலியிலிருந்து வந்து போர்ட்டோவிலேயே தங்கிவிட்ட நிக்கொலாவ் நசோனி என்ற கட்டடக் கலைஞரின் வேலை. 1763-இல் முடிந்தது, உயரம் சுமார் 75 மீட்டர். இருநூறுக்கு மேற்பட்ட குறுகிய படிகள். எதிரே வருகிறவருக்கு வழிவிட ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். மூட்டு வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் கீழே தேவாலயத்தை மட்டும் பார்க்கலாம். மேலே ஏறுவதன் பயன் காட்சி மட்டும் அல்ல. இன்று நடக்கப் போகும் முழு வழியும் அங்கிருந்து தெரியும்: கிழக்கே பேராலயத்தின் இரட்டைக் கோபுரம், தெற்கே ஆற்றின் பள்ளம், எதிர்க்கரையில் மதுக் கிடங்குகளின் நீண்ட ஓட்டுக் கூரைகள். ஊரின் மேடு பள்ளம் மனத்தில் பதிந்துவிட்டால் அதன் பிறகு வரைபடத்தை அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை.

கிளெரிகோஸ் தெருவில் இறங்கினால் ஐந்து நிமிடத்தில் சாவ் பென்டோ. 1916-இல் திறந்த ரயில் நிலையம். இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையம் என்பதால் யாரும் கட்டணம் கேட்க மாட்டார்கள். முன்கூடத்தில் ஜோர்ஜ் கொலாசோ தீட்டிய சுமார் 20,000 ஓடுகள். எல்லோரும் நடுவில் நின்று சுற்றிலும் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் மூன்று காட்சிகளைத் தேடுங்கள். ஒன்று, 12-ஆம் நூற்றாண்டின் வல்தெவேஸ் போர். இரண்டாவது, முதலாம் ஜோவாவ் மன்னர் 1387-இல் தம் மணமகள் பிலிப்பாவோடு போர்ட்டோவுக்குள் நுழைவது. மூன்றாவது, 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயுட்டா நகரைப் பிடித்தது. இந்த மூன்றாவது காட்சியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டில் அது திரும்ப வரும். இவற்றுக்கு மேலே, கூரையை ஒட்டி, பல வண்ணத்தில் ஒரு பட்டை ஓடுகிறது. குதிரை வண்டியிலிருந்து ரயில்வரை போக்குவரத்தின் வரலாறு அதில் இருக்கிறது.

மதியம்: இந்த ஊரின் சாப்பாடு

நாளின் பெரிய சாப்பாட்டை மதியம் வைத்துக்கொள்ளுங்கள். காரணங்கள் இரண்டு. போர்ட்டோவின் பெயர்போன உணவுகள் எல்லாமே கனமானவை. இரவில் சாப்பிட்டுப் படுத்தால் உறக்கம் கெடும். மேலும், வேலை நாள்களில் மதியம் எளிய உணவகங்களில் ப்ராட்டோ டோ தியா என்ற அன்றைய சாப்பாடு கிடைக்கும். அதே கடையில் இரவு சாப்பிடுவதைவிட மலிவு. நேரம் முக்கியம்: பன்னிரண்டரை முதல் இரண்டரைவரைதான் மதியச் சாப்பாடு. மூன்று மணிக்குப் போனால் பல சமையலறைகள் மூடியிருக்கும். மறுபடி திறக்க இரவு ஏழு, ஏழரை ஆகிவிடும்.

சாவ் பென்டோவிலிருந்து 31 டி ஜனேய்ரோ தெருவில் ஏறுங்கள். முதலில் சொன்ன அந்தப் பெரிய ஏற்றம் இதுதான். உச்சியில் பத்தாலியா சதுக்கம். அங்கே சான்டோ இல்டெஃபொன்சோ தேவாலயத்தின் முகப்பிலும் ரயில் நிலையத்தில் பார்த்த அதே கொலாசோவின் ஓடுகள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் பல. என்ன சாப்பிடுவது என்பதை உங்கள் வயிற்றையும் வழக்கத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஃப்ரான்செசின்யா. போர்ட்டோ என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர். பிரான்சிலிருந்து திரும்பிய டேனியல் டா சில்வா என்ற சமையல்காரர் 1950-களில் இங்கே அறிமுகப்படுத்தினார் என்று சொல்கிறார்கள். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே மாட்டிறைச்சித் துண்டு, பன்றி இறைச்சி, இரண்டு வகைத் தொத்திறைச்சி. மேலே பாலாடைக் கட்டியைப் போர்த்தி உருகவைத்து, அதன்மேல் சூடான குழம்பை ஊற்றுவார்கள். விரும்பினால் ஒரு முட்டை, சுற்றிலும் உருளைக்கிழங்கு வறுவல். இந்த உணவின் உயிர் அந்தக் குழம்பில்தான் இருக்கிறது. தக்காளி, பீர், பிரிஞ்சி இலை, மிளகாய் என்று அடிப்படை ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கடையும் தன் அளவை வெளியே சொல்வதில்லை. எது சிறந்தது என்று உள்ளூர்க்காரர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். பஸ்சோஸ் மனுவேல் தெருவில் இருக்கும் சான்டியாகோ பெயர்பெற்ற கடை. வரிசை இருக்கும், பன்னிரண்டு மணிக்கே போய்விட வேண்டும். கத்தி, முள்கரண்டியால் வெட்டி, குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள். இருவர் சேர்ந்து ஒன்று வாங்கினாலே வயிறு நிறைந்துவிடும். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சாப்பிடாதவர்களுக்கு இதில் எந்த அடுக்கும் மிஞ்சாது. சில கடைகளில் சைவ வகை செய்கிறார்கள். அப்போதும் குழம்பில் இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் குழம்பு பொதுவானது.

திரிப்பாஸ். ஃப்ரான்செசின்யாவைவிட இதற்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். மாட்டு இரைப்பையை வெள்ளை மொச்சைபோன்ற பீன்ஸ், கேரட், தொத்திறைச்சியோடு நெடுநேரம் வேகவைத்து, சீரகம் சேர்த்து, வெள்ளைச் சோற்றோடு பரிமாறுகிறார்கள். ரயில் நிலையத்தில் பார்த்த செயுட்டா படையெடுப்போடு இந்த உணவைச் சேர்த்துச் சொல்லும் ஒரு மரபு உண்டு. போர்ட்டோவில் பிறந்த இளவரசர் ஹென்றி அந்தக் கப்பல் படைக்கு ஊரிலிருந்த இறைச்சியை எல்லாம் ஏற்றிவிட, மக்களுக்குக் குடலும் இரைப்பையும்தான் மிஞ்சின என்றும், அதைக்கொண்டு அவர்கள் இந்த உணவை ஆக்கினார்கள் என்றும் சொல்வார்கள். வரலாற்றுச் சான்றாக அதைக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் திரிப்பெய்ரோ, அதாவது இரைப்பை தின்பவர் என்ற பட்டத்தைப் போர்ட்டோ மக்கள் இன்றும் பெருமையாகச் சுமக்கிறார்கள். குடல் கறி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தட்டில் எதுவும் அந்நியமாக இருக்காது. சீரக வாசனையே நம்மை உட்காரவைத்துவிடும். சில கடைகளில் குறிப்பிட்ட நாள்களில்தான் செய்வார்கள். வாசல் பலகையைப் பாருங்கள்.

பகல்யாவ். இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு இதுவே நல்ல தேர்வு. போர்ச்சுகல் முழுக்க நூற்றுக்கணக்கான விதத்தில் சமைக்கிறார்கள். போர்ட்டோவில் பிறந்தது கோமெஸ் டி சா என்ற வகை. கோட் மீன் வியாபாரம் செய்த ஒருவரின் பெயர் அது. உப்பு நீங்க ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்த மீனைப் பிட்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, நிறைய ஆலிவ் எண்ணெய் சேர்த்து அடுப்பில் வேகவைத்து, அவித்த முட்டையும் கறுப்பு ஆலிவும் தூவித் தருவார்கள். காரம் அறவே இருக்காது. பிரி-பிரி என்று கேட்டால் மிளகாய் எண்ணெய் கொண்டுவருவார்கள், தயங்காமல் கேளுங்கள்.

அவசரமாகச் சாப்பிட்டு நடையைக் கட்ட நினைப்பவர்களுக்கு பிஃபானா. மெல்லிய பன்றி இறைச்சித் துண்டுகளைக் காரக் குழம்பில் வேகவைத்து ரொட்டிக்குள் வைத்துத் தருவது. பொன்ஜார்டிம் தெருவில் கொங்கா என்ற கடையில் சட்டி வாசலிலேயே கொதித்துக்கொண்டிருக்கும்.

மேசையில் நடந்துகொள்ளும் முறை கொஞ்சம் தெரிந்திருந்தால் கணக்கில் குழப்பம் வராது. நீங்கள் உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக் கட்டி எல்லாம் கேட்காமலே வரும். அவை இலவசம் அல்ல. தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் வருந்த மாட்டார்கள். கேட்காததற்கும் தொடாததற்கும் பணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. உணவுப் பட்டியலில் மெயா டோஸ் என்று இருந்தால் அரை அளவு. அதுவே ஒருவருக்குப் போதும். பீர் குடிப்பவர்கள் ஃபினோ என்று கேட்டால் சிறிய கண்ணாடியில் குழாய் பீர் வரும். சாப்பிட்டு முடித்தாலும் கணக்குச் சீட்டைத் தாமாகக் கொண்டுவந்து வைப்பது அவர்கள் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. "அ கொன்டா" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். நன்றி சொல்ல, ஆண்கள் ஒப்ரிகாடோ, பெண்கள் ஒப்ரிகாடா. ஸ்பானிய மொழி தெரியும் என்பதற்காக அதில் பேச்சைத் தொடங்காதீர்கள். ஆங்கிலம் பெரும்பாலும் போதும்.

சைவ உணவுக்காரர்கள் திட்டமிட்டே வர வேண்டும். நகர மையத்தில் சைவ உணவகங்கள் இருக்கின்றன. முந்தைய நாளே ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கடையில் காய்கறி சூப் என்று இருந்தாலும் அதில் தொத்திறைச்சி ஒரு துண்டு மிதக்கலாம். "செம் கார்னே, செம் பெய்ஷே", அதாவது இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீனை இறைச்சியாகக் கருதாதவர்கள் பலர்.

இரண்டரை மணி: பேராலயத்திலிருந்து ஆறுவரை

பத்தாலியாவிலிருந்து பேராலயத்துக்கு ஏறாமலே போகலாம். சே என்று அழைக்கப்படும் இது 12-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. கோட்டைபோல் தடித்த சுவர்கள். ரயில் நிலையத்து ஓட்டில் பார்த்த மன்னர் ஜோவாவும் பிலிப்பாவும் மணம் முடித்தது இங்கேதான். சீட்டு வாங்கி உள்முற்றத்தைச் சுற்றியிருக்கும் தூண் தாழ்வாரத்தைப் பாருங்கள். கல்லும் நீல ஓடும் சேர்ந்து வெயில் நேரத்தில் குளிர்ச்சியாக இருக்கும். வெளியே கல் பாவிய முற்றத்திலிருந்து கீழே பார்த்தால் கூரைகளுக்கு நடுவே இறங்கும் சந்துகள் தெரியும். 1996-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பழைய நகரம் அதுதான்.

அந்தச் சந்துகள் வழியாகவே இறங்குங்கள். பாரெடோ பகுதியின் படிக்கட்டுகளுக்குத் திட்டமான வழி சொல்ல முடியாது. கீழ்நோக்கிப் போகும் எந்தப் படியும் ஆற்றில்தான் கொண்டுவிடும். இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே துணி உலர்த்துகிறவர்களையும் வாசலில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். "போம் தியா" என்றோ, மதியத்துக்குப் பிறகு "போவா டார்டே" என்றோ சொல்லிவிட்டு நடந்தால் முகம் மலரும். படி இறங்க முடியாதவர்களுக்கு பத்தாலியாவின் அருகிலிருந்து குயின்டாய்ஸ் இழுவை ரயில் ஆற்றங்கரைக்கு இறங்குகிறது.

கீழே ரிபெய்ரா. வண்ண வீடுகள், கரையோர மேசைகள், கையில் உணவுப் பட்டியலோடு அழைக்கும் பணியாளர்கள். உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம். சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மேசைகளில் காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை. பாலத்துக்குப் போகும் வழியில் சுவரில் ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கும், முன்னால் மெழுகுவத்திகள் எரியும். 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் படை ஊருக்குள் நுழைந்தபோது, தப்பியோடிய மக்கள் இங்கிருந்த படகுப் பாலத்தில் நெரிந்து ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களுக்கான நினைவிடம் அது. இன்றும் மலரும் விளக்கும் வைக்கிறார்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

கால் தெம்பு இருந்தால் மேற்கே சிறிது நடந்து சாவ் பிரான்சிஸ்கோ தேவாலயம். வெளியே எளிய கல் கட்டடம். உள்ளே தூண், சுவர், கூரை எல்லாம் மரச் செதுக்கலும் தங்க முலாமும். பக்கத்தில் இருக்கும் பங்குச்சந்தை மாளிகையும் அழகானதே. ஆனால் அங்கே வழிகாட்டியோடுதான் போக முடியும், நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் தேவாலயத்தையே பாருங்கள்.

நான்கரை மணி: பாலத்தைத் தாண்டி காயா

முதலாம் லூயிஸ் பாலம் இரண்டு அடுக்கு கொண்டது. 1886-இல் திறந்தது. வடிவமைத்தவர் தியோஃபில் செய்ரிக். பாரிஸ் கோபுரத்தால் புகழ்பெற்ற ஈஃபெலின் கூட்டாளியாக இருந்தவர். ஈஃபெலின் நிறுவனம் கட்டியது சற்றுக் கிழக்கே 1877-இல் வந்த மரியா பியா ரயில் பாலம். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இப்போது கீழ் அடுக்கில் கடந்துபோங்கள். மேல் அடுக்கை இருட்டும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கரை விலா நோவா டி காயா தனி நகராட்சி. போர்ட் ஒயின் எனப்படும் இனிப்பு மது முதிர்வது இந்தக் கரையில்தான். திராட்சை விளைவது ஆற்றின் மேல்பகுதியில், உள்நாட்டு மலைச்சரிவுகளில். அந்த எல்லையை 1756-லேயே போம்பால் பிரபு வரையறுத்தார். சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். மதுவாக மாறாமல் மிஞ்சிய சர்க்கரைதான் அதன் இனிப்பு, சேர்த்த சாராயம்தான் அதன் வீரியம். ஏறக்குறைய 20 விழுக்காடு சாராயம் இருப்பதால் சாதாரணத் திராட்சை மதுவின் அளவில் குடிக்கக் கூடாது. கோடை கொளுத்தும் உள்நாட்டைவிடக் கடலுக்கு அருகிலுள்ள இந்தக் குளிர்ந்த கரை கிடங்குகளுக்கு ஏற்றது என்பதால், தட்டையான ரபேலோ படகுகளில் பீப்பாய்களை ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். கரையில் கட்டியிருக்கும் படகுகள் அவையே. இப்போது காட்சிக்கு நிற்கின்றன.

கிடங்குகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்து, சுமார் ஒரு மணி நேரச் சுற்றில் சேருங்கள். சுற்றின்போது இதைக் கவனித்தால் ருசி புரியும்: பெரிய தொட்டிகளில் காற்றுப் படாமல் வைத்தது ரூபி, அதனால் சிவப்பும் பழச் சுவையும் மாறாமல் இருக்கிறது, சுமார் 550 லிட்டர் பீப்பாயில் மரத்தின் வழியே மெல்லக் காற்றுப் பட்டு முதிர்ந்தது டானி, அதனால் பழுப்பு நிறமும் உலர்பழம், கொட்டைகளின் சுவையும் வருகின்றன. ஒரே ஒரு கோப்பைதான் என்றால் பத்தாண்டு முதிர்ந்த டானியைக் கேளுங்கள். குடிக்காதவர்களும் சுற்றில் சேரலாம். இருட்டுக் கிடங்கின் வாசனையும் வரிசை வரிசையான பீப்பாய்களுமே பார்க்கத் தகுந்தவை.

மாலையும் இரவும்

கரையிலிருந்து மேலே ஏறக் கேபிள் கார் இருக்கிறது. மோர்ரோ பூங்காவில் இறக்கிவிடும். நடந்தும் ஏறலாம், ஆனால் இந்த நேரத்தில் கால்கள் ஒத்துழைக்காது. பூங்காப் புல்லில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் இன்னும் மேலே செர்ரா டோ பிலார் மடத்தின் முன்முற்றத்துக்குப் போங்கள். வட்ட வடிவத் தேவாலயம் கொண்ட அந்த மடத்தில் இருந்துகொண்டுதான் 1809 மே மாதம் பிரித்தானியத் தளபதி வெலிங்டன் தம் படையை ஆற்றைக் கடக்கவைத்து, நெப்போலியனின் படையிடமிருந்து ஊரை மீட்டார். பாலம், ஆறு, எதிர்க்கரையின் முழு அடுக்கு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் வருகிறவர்கள் சாவ் பிரான்சிஸ்கோவை விட்டுவிட்டு, முதலில் பூங்காவில் சூரிய மறைவைப் பார்த்துவிட்டுக் கிடங்குக்கு இறங்குவது நல்லது.

திரும்பும்போது பாலத்தின் மேல் அடுக்கில் நடந்து வாருங்கள். அங்கே மெட்ரோ ஓடுகிறது. தண்டவாளத்துக்கும் நடப்பவர்களுக்கும் நடுவே தடுப்பு இல்லை. வண்டி மெதுவாகத்தான் வரும், மணியும் அடிக்கும். இருந்தாலும் படம் எடுக்கும் மும்முரத்தில் பின்வாங்காதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள். உயரம் பயம் என்றால் மோர்ரோ நிலையத்தில் மஞ்சள் கோட்டில் ஏறினால் அடுத்த நிறுத்தம் சாவ் பென்டோ.

இரவுச் சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். கால்டோ வெர்டே என்ற சூப் போதும்: மசித்த உருளைக்கிழங்குக் கஞ்சியில் நூல் நூலாக அரிந்த பச்சைக் கீரை, மேலே ஒரு துண்டு தொத்திறைச்சி. "செம் ஷோரிசோ" என்றால் அதை விட்டுத் தருவார்கள். காலையில் சந்தையில் பார்த்த ப்ரோவா ரொட்டி இதற்குத்தான். கூடவே பொரித்த பகல்யாவ் உருண்டைகள் இரண்டு. கோடையில் என்றால் கரியில் சுட்ட மத்தி; ஜூனுக்கு முன் அந்த மீனில் கொழுப்பு ஏறியிருக்காது.

சில நாள்களில் இந்தத் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஞாயிறன்று பொல்யாவ் சந்தை கிடையாது, பல குடும்ப உணவகங்களும் மூடியிருக்கும். காலையை கார்மோவில் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கனமழை என்றால் பாரெடோ படிகளைத் தவிர்த்து இழுவை ரயிலில் இறங்குங்கள். ஜூன் 23 இரவு சாவ் ஜோவாவ் திருவிழா: ஊரே தெருவில் இருக்கும், முன்பின் தெரியாதவர் தலையில் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டி வாழ்த்துவார்கள், சந்துகளில் மத்தி சுடுவார்கள், நள்ளிரவில் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. அன்று இந்த வரிசையை மறந்துவிட்டு மாலையிலிருந்து கூட்டத்தோடு நடந்தால் போதும்.

இன்னோர் அரை நாள் கிடைத்தால் அதை மத்தோசின்யோசுக்குக் கொடுங்கள். மெட்ரோவின் நீலக் கோடு, எழுத்து ஏ (A). துறைமுகத்தை ஒட்டிய தெருவில் உணவகங்கள் வாசலிலேயே கரியடுப்பு வைத்து மீன் சுடுகின்றன. பெட்டியில் இருக்கும் மீனை நீங்களே காட்டித் தேர்ந்தெடுக்கலாம். எடை போட்டு விலை சொன்ன பிறகு சுடச் சொல்லுங்கள். மதியம் பன்னிரண்டரைக்கே போய்விட்டால் இடம் கிடைக்கும்.